தூக்கில் எடுத்துப்போன கூழ்

அந்தக் கூழில் ஒன்றும் கலக்கவில்லை என்று என் கணவரிடம் நான் சொன்னது தவறா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

போன வருடம், 1991-இல், சொர்ணவாரிப் பட்டத்துக்கு (கோடை நெல்) நடவு முடிந்த சமயம். மணிமங்கலத்துக்கு அருகே எங்கள் நிலம். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாயில் காதை வைத்தார். "உள்ள பேசறாங்க. நம்ம நெலத்த எழுதி வாங்கிட்டாங்களாம்" என்றார். கம்பெனிகளுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசிய நேரம். அந்தக் கவலைதான் என்று விட்டுவிட்டேன். நான் பத்தாவது வரை படித்தவள். அன்றே மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் தன் தம்பியை மண்வெட்டியால் வெட்டினார். தோள் பிளந்து எலும்பு தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து இவரை மாட்டுக் கயிற்றால் வேப்பமரத்தில் கட்டினார்கள். கட்டியவர்கள் அடிக்கவும் செய்தார்கள். நான் கைக்குழந்தையோடு நின்றேன். "போதும்" என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

சென்னையில் அரசு மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது) என்றார்கள். சில வாரங்களில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த அன்றே அதைத் துப்பினார்.

"கூழ்ல கரைச்சிக் குட்த்துடு. அவனுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார் மாமியார். குடியை மறக்கடிக்க, தெரியாமல் சோற்றில் எதையாவது கலந்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நானும் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன்.

பன்னிரண்டு நாள் குடித்தார். அடுத்த நாள் பம்புசெட்டருகே, நான் தூக்குவாளியில் கொண்டுபோன கூழில் மோர் ஊற்றிக் கையால் கரைத்தவர் நின்றுவிட்டார். விரல் நுனியில் கரையாத வெள்ளைத் துணுக்கு.

"இன்னாத்தடி கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலீங்க."

முடியைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினார். முன்பல் உடைந்து வாயெல்லாம் இரத்தம். மறுகையில் அரிவாள். வரப்பில் கிடந்த குழந்தை வீறிட்டது.

"வெஷம் இல்லன்னா நீ குடி. இல்லாங்காட்டி அது வாயில ஊத்துவேன்."

குடித்தேன். இரத்தமும் கூழுமாக, முழுவதும். அவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

வீடு வந்தபோது அந்த மாத்திரையால் எனக்குக் கழுத்து விறைத்தது, நாக்கு தடித்தது. அப்படியும் பழக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டேன். மறுநாள் வரை அவள் சரியாகக் கண் திறக்கவில்லை. பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

"பால் குடுக்கிறவ நீ. யாரும்மா இப்படிக் கலக்கச் சொன்னது?" என்று அவரைப் பார்த்த மனநல மருத்துவர் கத்தினார். இனி எதிலும் கலக்கக் கூடாது, அவருக்குத் தெரிந்தே ஊசி (இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவது) போடலாம் என்றார்.

ஊசி போட்டுக்கொள்கிறீர்களா என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் உடனே லுங்கியைத் தூக்கித் தொடையைக் காட்டினார். "நீ சொன்னா போட்டுக்கறேன். குடிச்சிக் காட்னவளாச்சே நீ."

இப்போது உழுகிறார், அறுக்கிறார். குழாய் பேசுவதில்லை. "ஊரே என்னைக் கட்டிப்போட்டு அடிச்சிது. இவ ஒருத்திதான் பொய் சொல்லல" என்று டீக்கடையில் சொல்கிறாராம். தம்பி மட்டும் இன்னும் பத்தடி தள்ளித்தான் நிற்கிறார்.

எனக்கு இப்போது வாரமும் இல்லை, மாதமும் இல்லை. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரைதான் நாள் கணக்கு. தூக்கு மூடும் சத்தம் கேட்டால் உடைந்த பல்லின் இடத்துக்கு நாக்கு தானாகப் போகிறது.

உண்மையைச் சொல்லிவிடு என்கிறார் மருத்துவர். சொன்னால் அடுத்த ஊசிக்கு வருவாரா? சொல்லாமல் விட்டு, மாமியார் வாய்தவறி உளறிவிட்டால்?

இதைக் கடந்து வந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். எப்படிச் சொன்னீர்கள்? சொல்லும்போது குழந்தையை யார் வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்கள்?