முக்காடு போட்ட காய்

ஐம்பது மைல் வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் விரலை நீட்டி, "வாட்டர் ஓக். பின்னாடி நிக்கறது வில்லோ ஓக்" என்று அறிவித்துக்கொண்டு போகிறார் சிவராமகிருஷ்ணன். பக்கத்தில் மனைவி ஸ்வர்ணா சிக்னலை மட்டும் பார்க்கிறாள். ஒரு மரத்துக்குப் பெயர் சொல்ல அவருக்கு மூன்று வினாடி போதும். அது சரியான பெயரா என்பது மரத்தின் கவலை.

பைப்லைன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் கசிவு கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றபின், குடியிருக்கும் சுகர் லேண்ட் ஊரில் கண்டுபிடிக்க வேறொன்றும் இல்லாததால் மரங்களைப் பிடித்துக்கொண்டார். ஆறு பாக்கெட் கால்சட்டை, கழுத்தில் பூதக்கண்ணாடி. மரத்தைப் படம் பிடித்துப் பெயர் சொல்லும் போன் ஆப் வேறு பெயர் சொன்னால், "அதுக்கு டிரெயினிங் பத்தல" என்பார்.

குடியிருப்பின் ஏரிக்கரையில், மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், ஒரு பெரிய ஓக் நிற்கிறது. காரிலிருந்தபடியே அதைப் பர் ஓக் என்று தீர்ப்பளித்து, அசோசியேஷனுக்கு இரண்டு பக்கக் கடிதமும் அனுப்பியிருந்தார். இந்த மார்ச்சில் மற்ற மரங்களெல்லாம் துளிர்த்துவிட, அது மட்டும் மொட்டையாக நின்றது. அசோசியேஷன் அவர் கடிதத்தையே ஆதாரமாக்கியது: பர் ஓக் என்றால் இதற்குள் இலை விட்டிருக்க வேண்டும், ஆகவே செத்துவிட்டது, வெள்ளிக்கிழமை வெட்டு.

அப்போதுதான் முதல் முறையாக மரத்தடிக்கு இறங்கினார். சேற்றில் போன வருஷத்துக் காய் ஒன்று கிடந்தது. பர் ஓக் காயைத் தாங்கும் கிண்ணம்போன்ற ஓடு குஞ்சம் வைத்த விளிம்போடு பாதியில் நின்றுவிடும். இதிலோ கிண்ணம் முக்காடுபோல் முழுக்க மூடி, நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. ஓவர்கப் ஓக். சதுப்புக்காட்டு மரம், வெள்ளம் வடியட்டும் என்று தாமதமாகத்தான் துளிர்க்கும். சுள்ளியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

மரம் பிழைக்க வேண்டுமானால், தான் தப்பு என்று ஊரறியச் சொல்ல வேண்டும். மரம் போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாராம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் காயை மேஜைமேல் வைத்து, நான் எழுதியது தப்பு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். வெட்டு ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போனது.

"இதத் தமிழ்ல ஒரு தடவ சொல்லுங்களேன். முப்பது வருஷமா காத்துட்டிருக்கேன்" என்றாள் ஸ்வர்ணா, வீடு திரும்பும் காரில். அவர் ரேடியோவைப் போட்டார். 

ஏப்ரல் மூன்றாம் வாரம் கிளை நுனியெல்லாம் துளிர். பார்க்க வந்த எதிர்வீட்டு ஷ்யாமளா, நடைபாதையோர மரம் ஒன்றைக் காட்டி, "இது என்ன ஓக், அங்கிள்?" என்று கேட்டாள். விரல் நீண்டது, வாயும் திறந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, புல்லை விலக்கிக் காய் தேடத் தொடங்கினார்.