அக்காவின் விளாத்தி வரிசை

விளாத்தி வேர் எங்கள் சுண்ணாம்பு மண்ணில் தோடையைத் தாங்காதா, அல்லது நான்தான் தாங்க விடவில்லையா? ஆரஞ்சு மரமான தோடையின் இலையைக் கசக்கும்போது எழும் வாசனையோடு இன்றும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினொன்று. விவசாயப் போதனாசிரியரான அப்பா, எந்த வேரில் ஒட்டினால் தோடை நன்றாக வரும் என்று அறிய, பண்டத்தரிப்பில் எங்கள் பின்வளவில் இரண்டு வரிசை வைத்திருந்தார். நாரத்தை வேரில் ஒட்டியவை என் பொறுப்பு. விளாத்தி என்கிற விளாமர வேரில் ஒட்டியவை அக்காவினுடையவை. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஒவ்வொரு தண்டையும் நூலால் சுற்றி அளந்து கொப்பியில் எழுதுவார். அக்காவின் நூல் நீண்டுகொண்டே போக, என் கன்றுகள் மஞ்சளித்தன.

"சின்னவளின்ரை கண்டுகளுக்குச் செங்கண்மாரியோ?" என்று, மஞ்சள் காமாலையைச் சொல்லி, பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சிரிப்பார். "எங்கடை பெரிய டொக்டரைக் கேளுங்கோ" என்று அப்பா அக்காவைக் காட்டுவார். அந்த விரல் ஒருநாளாவது என் பக்கம் திரும்பாதா என்று காத்திருந்தேன்.

அந்த வருடம் அக்கா படிப்புக்காக யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டுக்குப் போனாள். அப்பாவும் வேலையாகக் கிளிநொச்சிக்குப் புறப்பட்டார். "ரெண்டு வரிசையும் இனி உன்ரை பொறுப்பு, குஞ்சு. ஒட்டுக்குக் கீழை முளைக்கிறதை உடனை கிள்ளிப்போடு. விட்டால் வேர் தன்ரை முளைக்கே சாப்பாடு குடுக்கும், மேலை நிக்கிற தோடை பட்டினி" என்றார். பத்து நாளில் வருவதாகச் சொன்னவர், போரில் பாதை மூடப்பட்டதால் மூன்று மாதம் கழித்தே வந்தார்.

என் வரிசையில் தவறாமல் கிள்ளினேன். அக்காவின் வரிசையில் விளாத்தியின் சின்ன இலைகள் ஒட்டுக்குக் கீழே கொத்தாகக் கிளம்பியபோது, தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு வந்தேன். அப்பா வருகிறார் என்று ஆள் வந்து சொன்ன அன்று அவற்றை ஒட்ட வெட்டி, காயங்களில் மண்ணைப் பூசினேன்.

அப்பா நூலைச் சுற்றினார். நம்பாமல் மறுபடியும் சுற்றினார். தோடைகளில் பாதி கருகியிருந்தன. மண் பூசிய இடங்களைக் கண்டாரோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம். "விளாத்தி உதவாது" என்று கொப்பியில் எழுதி, அந்த வரிசை முழுவதையும் பிடுங்கினார். விடுமுறைக்கு வந்த அக்கா அழுதபோது அவளை அணைத்து, "உன்ரை பிழையில்லை, பிள்ளை. வேர்தான் சரியில்லை" என்றார். அவர் தோளில் அவள் சாய்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது.

இடம்பெயர்ந்ததில் கொப்பி போயிற்று. அப்பாவும் இன்று இல்லை. பற்றை மண்டிய அந்த வளவைத் துப்புரவாக்கித் தோடை வைக்க அக்கா ஆயத்தமாகிறாள். "விளாத்தி வேண்டாமடி, அப்பா சோதிச்சுப் பாத்தவர்" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். "ஓம்" என்றேன். பக்கத்தில் என் மூத்த மகள், சுவரில் தங்கையின் உயரத்துக்குப் போட்ட கோட்டைத் தன் கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உங்களில் யாராவது சுண்ணாம்பு மண்ணில் விளாத்தி வேரில் தோடை வளர்த்திருந்தால், அது காய்த்ததா என்று எழுதுங்கள். மாரி தொடங்க அக்கா கன்று வாங்கிவிடுவாள். அதற்கு முன் எழுதுங்கள். காய்த்தது என்றால், அவளிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்றும் எழுதுங்கள்.