பாண்டிச்சேரி பார்க்க வந்தவர்

அவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போன ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். அவரை அழைத்துப்போகத்தான் நான் வந்திருந்தேன். ஆனால் என் கண் முழுக்க மரக்காணம் பஸ் வந்து நிற்கிற இடத்தின் மேலேயே இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் முதல் பஸ்ஸிலேயே பாண்டிக்கு வந்துவிடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, கல்யாணத்துக்குத் துணி எடுக்க, செல்போன் ரிப்பேர் பார்க்க, எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பாண்டிதான். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு குட்டித் தலைநகரம். சட்டசபை, கடற்கரை, மஞ்சள் சுவர் வைத்த பழைய பிரெஞ்சு வீடுகள். எனக்கு அது, எந்தத் திருப்பத்திலும் எங்கள் தெருக்காரர் யாராவது எதிரே வரக்கூடிய ஊர்.

அப்போது நான் அங்கே ஒரு தனியார் கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அவரும் அதே லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். எங்கள் விஷயம் லேபில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் கிருஷ்ணகிரி பக்கம். எங்கள் சாதி இல்லை. எங்கள் ஊரில் அது எப்படி முடியும் என்பதற்கு என் கண்ணெதிரே இரண்டு வீடுகள் உதாரணமாக இருந்தன.

அவர் கையை உயர்த்திச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"முன்னாடி நட. நான் பின்னாடி வர்றேன்," என்றேன்.

"இதே ஊர்ல ரெண்டு வருஷம் இருந்தவன் நான். எனக்கே வழி காட்டுறியா?"

"வழிக்காகச் சொல்லல."

வேலையில் இருந்த இரண்டு வருடத்தில் அவர் பாண்டியைச் சரியாகச் சுற்றிப் பார்த்ததே இல்லை. ஷிஃப்ட், ரூம், மறுபடி ஷிஃப்ட். இந்த முறை எல்லாவற்றையும் என்னோடு பார்க்க வேண்டும் என்று போனில் பட்டியலே போட்டு வைத்திருந்தார். மியூசியம், பழைய லைட் ஹவுஸ், சர்ச், சாயங்காலம் பீச், ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பாற்றில் படகு. என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் போகாத இடங்களின் பட்டியல் அது. ஜவுளிக்கடைத் தெரு கூடாது. பெரிய மார்க்கெட் கூடாது. மியூசியம் பரவாயில்லை, மரக்காணத்திலிருந்து யாரும் டிக்கெட் எடுத்துப் பழைய நாற்காலிகளைப் பார்க்க வர மாட்டார்கள்.

அன்று பகல் முழுவதும் அப்படித்தான் போனது. மியூசியத்தில் அவர் ஒரு பல்லக்கின் முன்னால் நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்; நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். போகன்வில்லா தொங்கும் ஒரு சுவருக்கு முன்னால் இருவரும் சேர்ந்து போட்டோ எடுக்கலாம் என்றார். எடுத்த நான்கு போட்டோவிலும் நான் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் அந்தப் படங்கள் போனில் இருக்கின்றன.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் கூட்டம் நிறைந்திருந்தது. கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. பாறைகளின் ஓரமாக நடந்தோம். அவர் என் கையைப் பிடித்தார். விடுவித்துக்கொள்ளவில்லை. ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டோம்.

"ஏ, நீ இங்கியா இருக்கற!"

எங்கள் எதிர்வீட்டு அக்கா. இரண்டு பிள்ளைகள், நாத்தனார், கையில் பஞ்சுமிட்டாய். என் கை எப்போது விலகியது என்று எனக்கே தெரியவில்லை. அவர் நிற்காமல் நடந்துபோய், இருபது அடி தள்ளி ஒரு பாறைமேல் ஏறி, கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

"தனியாவா வந்த?" என்றார் அக்கா.

"ஹாஸ்டல் பொண்ணுங்க வந்திருக்காங்க. ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்காங்க."

அக்கா நகர்வதாக இல்லை. ஊர்க்கதை எல்லாம் சொன்னார். அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு உப்பளத்தில் இந்த வெயிலில் வேலை தாங்கவில்லை, பொண்ணு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வருவதே இல்லை என்று அம்மா புலம்புகிறாள். என் காதில் பாதிதான் விழுந்தது. பாறைமேல் நின்றவரின் முதுகை அக்கா ஒருமுறை பார்த்ததுபோல் இருந்தது. பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது.

"நாளைக்கு வர்றேன்க்கா. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அக்கா இன்று போய்ச் சொல்லிவிடுவார். அம்மா மீன் வாங்கிவிடுவாள். போகாமல் இருக்க முடியாது.

அவர்கள் போன பிறகு அவர் அருகில் போனேன். திரும்பவே இல்லை.

"முன்னூறு கிலோமீட்டரு. எதுக்கு வந்தேன்? யாரோ மாதிரி பாறைமேல நின்னு கடலப் பாக்கவா?"

"எனக்கு வேற வழி தெரியல. நாளைக்கு ஊருக்கு வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"நாளைக்கும் இல்ல. அப்படித்தானே?"

தலையை ஆட்டினேன். அவர் பாறையிலிருந்து இறங்கி வந்தார். "சரி. நானும் வர்றேன். ஈ.சி.ஆர்.ல கார நிறுத்தி நிறுத்தி உப்பளத்த போட்டோ எடுக்கறாங்க இல்ல? அந்த மாதிரி ஒருத்தன். உங்க ஊரத் தூரத்துல இருந்தாவது பாக்கறேன்."

வேண்டாம் என்று பலமுறை சொன்னேன். கெஞ்சினேன். கடைசியில், பகல் முழுக்க அவரை நான் நடத்திய விதம் எனக்கே உறுத்தியதால், ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பஸ்ஸில் போனோம். நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் கடைசி வரிசையில். அவர் உப்பளத்து ஸ்டாப்பிங்கில் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டின் ஓரத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் வரை பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஆட்கள் பலகையால் உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் அப்பா. கூலிக்கு உப்பு வாருகிறவர். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் அம்மா வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். ஒரு மெசேஜ்: "உங்க அப்பாவா இருக்கும்னு நினைக்கிறேன். தலையில பச்சைத் துண்டு. பேசிட்டிருக்கேன்." உடனே அங்கிருந்து கிளம்பு என்று அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமே வரவில்லை. போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் அப்பாவின் மொபெட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் அவர். முழங்காலுக்குக் கீழே பேண்ட் முழுக்கச் சேறு, ஒரு காலில் ரத்தம்.

"ஏம்மா, ஒரு பக்கெட் நல்ல தண்ணி கொண்டா," என்றார் அப்பா. "போட்டோ எடுக்கறேன்னு வரப்புமேல போய் வழுக்கி விழுந்துட்டாரு. போனும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. உப்புத்தண்ணி காயத்துல பட்டா எப்படி எரியும் தெரியுமில்ல?"

நான் பக்கெட்டோடு வந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் "தேங்க்ஸ்ங்க" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டு எனக்கு அழுகை வரும்போல இருந்தது. தனியாக இருக்கும்போது நாங்கள் நீ, வா, போதான். காயம் ஆழம். பஞ்சும் மருந்தும் என் கைப்பையிலேயே இருந்தன. எடுக்கலாமா கூடாதா என்று யோசித்து, எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்பா துடைத்துவிட்டார்.

அம்மா உள்ளேயிருந்து வந்து நாற்காலி போட்டாள்.

"எந்த ஊரு தம்பி?"

"கிருஷ்ணகிரி பக்கம்ங்க. பெங்களூர்ல வேலை. பாண்டி பாக்க வந்தேன்."

"கிருஷ்ணகிரியில எங்க? ஊருக்குள்ளயா?"

எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். ஏதாவது பொய் சொல்லிவிடு என்று மனதுக்குள் கத்தினேன். அவர் அம்மாவை நேராகப் பார்த்தார்.

"இல்லங்க. காலனி."

அம்மா சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். டீ கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா குரலைத் தாழ்த்தி, "மேல பேப்பர் கப்பு இருக்குது, எடு," என்றாள்.

நான் மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக் கழுவினேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். சர்க்கரை டப்பாவை நகர்த்திவிட்டு, மீனைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனாள். டம்ளர்களில் டீயை ஊற்றினேன். இரண்டில் சர்க்கரை போட்டேன். ஒன்றில் போடவில்லை, அவர் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ள மாட்டார், லேபில் இரண்டு வருடமும் என் கை அப்படியே பழகியிருந்தது. யோசித்துச் செய்த காரியம் இல்லை.

தட்டை நீட்டியபோது அப்பா கையை முதலில் நீட்டி, அந்த டம்ளரையே எடுத்துவிட்டார். ஒரு வாய் குடித்தார்.

"என்னம்மா இது, சக்கரையே இல்ல?"

"அது எனக்..." என்று ஆரம்பித்த அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த இடத்தில் யாராவது ஏதாவது பேசியிருக்கலாம். மறந்துட்டேன்ப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரை அவர் பக்கமாகத் தரையில் வைத்துவிட்டு, தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

"குடிங்க தம்பி. பஸ்ஸுக்கு நேரமாவுது. நானே கொண்டுபோய் விடறேன்."

இருவரும் மொபெட்டில் போனார்கள். பஸ் ஸ்டாண்டு ஐந்து நிமிடத் தூரம். அப்பா திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் என்னென்ன நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது. வழியில் சித்தப்பா வீடு இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று ஊருக்கே தெரியும். அவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், போன் உப்புத்தண்ணீரில் கிடந்து செத்துவிட்டது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா மீனைத் தீய விட்டாள்.

அப்பா வந்து, மொபெட்டை நிறுத்தி, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமாப்பா."

அம்மா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் வழுக்கி விழுந்தது நெஜமா, அதுவும் நடிப்பா?"

"நெஜம்தாம்ப்பா. எனக்கே தெரியாது."

"எனக்கு இது புடிக்கல. அத இப்பவே சொல்லிடறேன்," என்றார் அப்பா. "ஆனா பஸ் ஸ்டாண்டுல, எம்பொண்ணத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும், கட்டிக்கலாம்னு இருக்கேன்னு மூஞ்சப் பாத்துச் சொன்னான். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நின்னு பேசினான். நீ என்னடான்னா, பெத்தவன் எதிர்ல யாரோ மாதிரி பக்கெட்டத் தூக்கிட்டு வந்து நிக்கற."

நான் அழுதேன். அப்பா சமாதானம் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். பஸ் ஏறும்போது அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கால்ல துருப்புடிச்ச கம்பி ஏதாச்சும் குத்தியிருக்கும், மறக்காம ஊசி போட்டுக்கோன்னாரு. அவ்ளோதான்."

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சித்தப்பா இரண்டு முறை ஹாஸ்டல் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார். வார்டன் போலீசைக் கூப்பிடுவேன் என்ற பிறகுதான் போனார். இரண்டாவது முறை நான் அப்பாவுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பாவிடம் எதையும் மறைக்காமல் பேசியது அன்றிலிருந்துதான். அப்பா அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போய் என்ன பேசினாரோ, சித்தப்பா அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இன்றுவரை இல்லை.

அடுத்த வருடம் பாண்டியிலேயே ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். அப்பா வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் கிளம்பினார். அம்மா வரவில்லை. அவர் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே ஒரு லேபில் சேர்ந்தார்.

அம்மா எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்தது போன மாதம். முட்டிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி தங்கினாள். அவரோடு ஒரு வார்த்தையும் நேராகப் பேசவில்லை. எதுவானாலும் "உன் வீட்டுக்காரர கேளு" என்று என்னிடம்தான். மறுநாள் அவர்தான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப்போனார். ஏறி உட்கார்வதற்கு முட்டி மடங்கவில்லை. அவர் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "தோள்ல கை வெச்சு ஏறுங்க," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கையை வைத்து ஏறினாள்.