பெயிண்ட் தீர்ந்துபோன தறி

1. ஓடாத மில்லுக்கு ஒரு ஃபிட்டர்

மில்லை மூடினால் எல்லோருக்கும் வேலை போகும். எனக்கு மட்டும் வேலை மாறியது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நசரத்பேட்டைப் பக்கம் இருந்த எங்கள் துணி மில்லைப் பூட்டியபோது, மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்த என்னைச் சின்ன முதலாளி கூப்பிட்டார்.

"அந்தோணி, லூம் ஷெட் சாவிய நீ வெச்சுக்கோ. ஒரு போல்ட்டுகூட வெளிய போகக் கூடாது."

ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டராக இருந்த என் மச்சினனுக்கு இது போதாதா? "பஸ்ஸே இல்லாத டெப்போவுல டிக்கெட் கிழிக்கிற மாதிரி கீது மாமா உன் வேல" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். நானும் சிரித்துவைப்பேன்.

சில மாதம் கழித்து ரேவதி மேடம் வந்தார். ஆர்க்கிடெக்ட். பழைய கட்டடம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. எங்கள் ஷெட்டின் கூரை ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகும். வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் விழும். நார்த் லைட் கூரை என்போம். அதன் கீழ் இத்தனை வருடம் வேலை பார்த்த நான் அண்ணாந்து பார்த்தது, மழையில் ஒழுகும்போது மட்டும்தான். மேடமோ வந்த அன்று நிமிர்த்திய தலையைக் குனியவே இல்லை. நடுவில் ஒரு தறியில் முட்டிக்கொண்டார்.

சின்ன முதலாளி அந்த இடத்தை மனை போட்டு விற்கும் யோசனையில் இருந்தார். மேடம் விடவில்லை. பழைய தொழிற்சாலைகளைக் காப்பாற்றுவதில் அக்கறை உள்ள பெரிய மனிதர்கள் சிலரை அழைத்து வருவதாகச் சொன்னார். அவர்கள் பார்த்த பிறகு முடிவெடுப்பதாக முதலாளியும் ஒப்புக்கொண்டார். அவர் மனசு மாறினால் ஷெட்டும் தறிகளும் காட்சிக்கூடமாக அப்படியே நிற்கும். மாறாவிட்டால் தறிகள் காயலாங்கடைக்கு, ஷெட் தரைமட்டம்.

அந்தத் தறிகள் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஒவ்வொன்றையும் படுத்துக்கொண்டு, தொங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டு ரிப்பேர் பார்த்தவன் நான்.

2. பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம்

விருந்தாளிகள் வருவதற்குள் மேடம் ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தறி மேஸ்திரியாக இருந்த எத்திராஜ் அப்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு வந்தவன், ஷெட்டுக்குள் நுழைந்ததும் தலையில் கை வைத்தான்.

"இன்னா அண்ணாத்தே இது! பெரிய மன்சாளுங்க வர்றாங்கோ, மிசினு இப்டி அழுக்கு புடிச்சிக்கினு கீது. நம்ம மானம் போவாது?"

நியாயமாகத்தான் பட்டது. ஆயுத பூஜைக்கு மெஷினைப் பளபளவென்று ஆக்குவதில் எங்கள் மில்லில் அந்தோணி, எத்திராஜ் என்ற பேதமே கிடையாது. எத்திராஜ் பழைய ஆட்களைத் திரட்டி வந்தான். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தோம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, பச்சை எனாமல் அடித்தோம். கூரைக் கம்பிகளில் தொங்கிய பஞ்சுத் தூசியை ஒட்டடைக் கம்பால் அடித்து இறக்கினோம். தூண்களில் நெசவாளர்கள் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருந்த கணக்கு, கேலி, பொம்மை எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்தோம். மூலையில் ஒரு தறி மட்டும் பாக்கி. பெயிண்ட் தீர்ந்துவிட்டது.

மேடம் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தோணி சார், துருவெல்லாம் எங்க?"

"எடுத்துட்டோம் மேடம்."

"பஞ்சுத் தூசி?"

"அள்ளிக் கொட்டிட்டோம் மேடம்."

"தூண்ல எழுதியிருந்ததெல்லாம்?"

"சுத்தமா அழிச்சாச்சு மேடம்" என்று பெருமையாகச் சொன்னவன் எத்திராஜ். மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் காட்ட நினைத்ததே அதைத்தானாம். கொஞ்ச நேரம் கழித்து மூலைத் தறி கண்ணில் பட்டது.

"இத ஒண்ணையாவது விட்டீங்களே!"

"பெயிண்ட் தீந்துபூட்ச்சு மேடம். காலைல வாங்கியாந்து அட்ச்சுரலாம்."

"தயவுசெஞ்சு வாங்காதீங்க எத்திராஜ்."

3. பெரிய மனிதர்கள் வந்தார்கள்

விருந்தாளிகள் கூரையைப் பார்த்து மயங்கினார்கள். சின்ன முதலாளி கூரையைப் பார்க்கவில்லை. ஒரு தறியின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது ஓடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எத்திராஜ் முந்திக்கொண்டான். "ஓடுமாவா? கரண்ட் குடுங்கோ சார், இப்பவே பறக்க வுட்டுக் காட்றேன்!"

அவனை முறைத்துப் புண்ணியமில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. காயலாங்கடைச் சரக்கு என்று முதலாளி நினைத்திருந்ததை ஓடுகிற தறிகளாக ஆக்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்த வாரமே ஈரோட்டிலிருந்து லாரிகள் வந்தன. முதலாளி விற்றுவிட்ட தறிகளைக் கழற்றி ஏற்றும் வேலையும் எங்களுக்குத்தான். வாங்க வந்தவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மூலைத் தறியிடம் வந்தார். "துருவேறிப் போச்சுங்களே. இதைக் கொண்டுபோயி என்னங்க பண்றது? வேண்டாமுங்க" என்று நகர்ந்தார். கடைசி லாரி கேட்டைத் தாண்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்திராஜ் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதான்.

அன்றே மேடம் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். "சார், தறிக்கு விலை வந்தாச்சு. எனக்கு அந்த ஒரு தறி போதும். அது நிக்க இந்தக் கூரை வேணும்."

தறிகள் விற்ற சந்தோஷத்தில் இருந்த முதலாளியும், "சரி, மீதி இடத்த குடோனா வாடகைக்கு விட்டுக்கறேன். மூலை உங்களுக்கு" என்றார். அப்படித்தான் ஷெட் தப்பித்தது.

பழைய ஆலைகளைக் காப்பாற்றும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காப்பாற்ற நினைக்கிற மெஷினை முதலாளி கண்ணுக்கு அழகாக்கிவிடாதீர்கள். அழகாக இருந்தால் அவருக்கு விலைதான் தெரியும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்து ஓய்வு பெறும்வரை, தினமும் காலையில் ஷெட்டைத் திறந்து அந்தத் தறி பக்கத்தில் நின்றேன். ஒருநாளும் துடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு ஃபிட்டரைக் கேட்டுப் பாருங்கள்.