கட்சாலில் மிதந்த பித்தளை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் இன்று போர்ட் பிளேயரில் பல பள்ளிக்கூடங்களின் அறிவியல் அறையைத் திறந்தால் தராசோ மழைமானியோ, நான் செய்து சும்மா கொடுத்தது ஒன்றாவது உள்ளே இருக்கும். பெருமையடிக்கிறான் என்பீர்கள். அடிக்கிறேன். ஐம்பதுகளில் கப்பலேறி வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பித்தளையைப் பற்றவைப்பது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, என்ஜினியர்கள் ஒதுக்கிப்போட்ட அளவுக் கருவிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றேன். பிறகு ஊருக்குள் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு, நானே முதலாளி, நானே கூலி.

அந்தக் கொட்டகையில் பிறந்ததிலேயே பெரிய சமாச்சாரம், ரப்பர்ப் பால் அளக்கும் மிதவை. மரத்தில் வெட்டி எடுத்த பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். ஒரு பங்கு பாலோடு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து மிதவையை விட வேண்டும். ரப்பர் அதிகமென்றால் உள்ளே இறங்கும். குறைவென்றால் மேலே தூக்கி நிற்கும். சீமையிலிருந்து கண்ணாடியில் வந்தவை கப்பலில் ஏற்றி இறக்குவதற்குள் உடைந்துபோகும். நான் பித்தளைத் தகட்டில் செய்தேன். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் விட்டு விட்டுப் பார்த்து, கோடு கிழித்தேன். இம்மி பிசகாது.

எழுபதுகளில், தெற்கே உள்ள கட்சால் தீவில் ரப்பர் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள்தான் அங்கே தொழிலாளிகள். என் மிதவைகளை எடுத்துக்கொண்டு நானே போனேன். தோட்டத்து சாஹிப் வடக்கத்திக்காரர். பால் கொட்டகையில் முதல் வாளியில் மிதவை சரியாக இறங்கியதும், "வாஹ் உஸ்தாத்!" என்று முதுகில் தட்டினார். எல்லாத் தோட்டத்துக்கும் இதையே வாங்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடைசியாக ஒரு பெண்ணின் வாளி வந்தது. அவளுடைய மரங்கள் மலைக்கு அந்தப் பக்கம். ஆகையால் என்றைக்கும் அவள்தான் கடைசி. அவள் பாலில் மிதவை மேலே தூக்கி நின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"தண்ணிய ஊத்தி அளவக் கூட்டியிருக்கா, தொர" என்றார் கங்காணி.

"ஒரு சொட்டு ஊத்தலைங்க ஐயா." அவள் சாஹிப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "சிலோன்லயும் இதே வேலதான். அங்க ஒருத்தரும் என்னைய இப்புடிப் பேசினதில்ல."

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க சாஹிப் என் பக்கம் திரும்பினார். "க்யா போல்தே ஹோ, உஸ்தாத்?"

"கருவி பொய் சொல்லாது சாப். என் கை வேலை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அன்றே அவளுடைய மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். லயத்தில், அதாவது அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், திருடி என்ற பேச்சு வந்துவிட்டது. அங்கே இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மனாக வைத்த கல்லின் முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் அணைத்தாள். அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கட்சாலில் காய்ச்சல் வராத வீடு ஏது? ஆனால் லயத்துக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்.

நான் திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தேன். ஒரு மத்தியானம் பால் கொட்டகையில் வெற்றிலையைத் துப்பிவிட்டு அங்கே பாலில் கலக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். உப்பு கரித்தது.

"என்னப்பா தண்ணி இது?"

"கடலோரக் கெணத்துத் தண்ணிங்க" என்றார் கொட்டகைக்காரர். "ஓடைத் தண்ணி ட்ரம்முல காலி ஆயிட்டா இதான். வெயில் காலத்துல கரிக்கும். குடிக்கவா போறோம்?"

கடைசி வாளி வரும்போது ட்ரம் காலியாகிவிடும். உப்புத் தண்ணீரில் எதுவும் தூக்கித்தான் மிதக்கும். ஒரே பாலை எடுத்து, ஓடைத் தண்ணீர் கலந்து பார்த்தேன், கிணற்றுத் தண்ணீர் கலந்து பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் மட்டும் மிதவை தூக்கி நின்றது. பிறகு சாஹிப்பிடம் ஓடினேன். அவர் சிரித்தார். கருவியில் குறை இல்லையே, தண்ணீர்தானே என்றார். ஆமாம் சாப், தண்ணீர்தான் என்றேன். அவளை நாளையே வரச் சொன்னார்.

நல்ல செய்தி சொல்லப் போகிறவனைப் போல லயத்துக்குப் போனேன். எல்லாரையும் கூப்பிட்டு விளக்கினேன். ஒரு மூத்த பெண்மணி வாயைக் கோணினாள்.

"மிசின் தப்பாச் சொல்லும், அது மனுசன் செஞ்சது. ஆத்தா தப்பாச் சொல்லுமா? புள்ளைக்கு ஏன் வந்துச்சு?"

"அது கொசுக் காய்ச்சல் தாயீ."

"எங்க புள்ளைகளையும் அதே கொசுதான் கடிக்குது!"

கூட்டம் சிரித்தது. குழந்தையைத் தோளில் போட்டபடி அவள் என் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, ஒங்க பேச்ச இவங்க கேக்க மாட்டாங்க. அம்மன் முன்னால, என் கருவிதான் பொய் சொல்லிச்சுன்னு நீங்க அணைச்சுச் சொல்லுங்க. நம்புவாங்க."

யாரோ சூடம் ஏற்றினார்கள். நான் கையை நீட்டினேன். என் கருவி பொய் சொன்னது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குற்றம் தண்ணீரில்தானே என்று உள்ளே ஒன்று முரண்டு பிடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். சூடம் பாதி எரிந்துவிட்டது.

"யோசிக்கிறாரு பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்குப் பிறகுதான் அணைத்தேன். சொல்ல வேண்டியதைச் சத்தமாகவே சொன்னேன். கூட்டம் கலைந்தது.

"சுட்டுச்சுங்களா?" என்று அவள் மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா" என்று கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன். உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

"எனக்கும் சுடலைங்க" என்றாள்.

மறுநாள் விடியும்போது பெண்கள் கத்தியும் வாளியுமாகக் கூட்டமாய்ப் பேசிக்கொண்டு மலையேறினார்கள். அவர்கள் கண்ணை விட்டு மறையும் வரை அவள் பாதையோரமாய் நின்றாள். பிறகு தனியாக ஏறினாள்.

கப்பல் வருவதற்கு முன்பு, அந்தக் கொட்டகைக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று என் செலவில் கட்டித் தருகிறேன் என்று சாஹிப்பிடம் சொன்னேன். நான் கொடுத்த முதல் தர்மம் அதுதான். "படா தில் ஹை, உஸ்தாத்" என்று என் பெரிய மனசை மெச்சிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொப்புளத்தின் மேலேயே பிடித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.