ஒரு கைக்கு மூன்று விசைகள்

தேயிலைத் தோட்ட ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணியாக எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் பார்ப்பதும் நான்தான். அதற்கென்று தனி ஆள் கிடையாது. போன வருஷம் மழைக் காலத்தில் ஒரு பெண்ணை எங்கள் ஆபிஸுக்கு மாற்றினார்கள். இலை வெட்டும் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போனபின் மலையில் அவளுக்கு வேலை இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எனக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

இலை எடை ஒரு விண்டோவில், ஆள் வருகை இன்னொன்றில், லோரிகளின் விவரம் மூன்றாவதில். நாள் முழுக்க அவள் இந்த மூன்றுக்கும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கம்போங் ராஜா ஊர்ப் பக்கம் லோரி நின்றுவிட்டது என்று போன் வரும். இடது கையால் மவுஸைப் பிடித்து, விட்டு, மறுபடி எண்களைத் தட்டுவாள். ஆல்ட்டையும் டேப்பையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். அதில் விண்டோக்களின் வரிசை ஒவ்வொரு தடவையும் மாறும். இரண்டாவது வாரம் தோட்டத்து டிவிஷன் ஒன்றின் ஆள் எண்ணிக்கையை எடைக் கட்டத்தில் போட்டுவிட்டாள். தோட்ட மேனேஜரான துரை எல்லார் முன்னாலும் வைத்து அவளைக் கண்டித்தார்.

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"என்னை ஸ்டோர் கூட்டப் போட்டுருங்கண்ணே. இது எனக்கு வராது லா."

"ரெண்டு நாள் பொறும்மா," என்றேன். எனக்கே மாதக் கடைசி வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

கீபோர்டு விசைகளுக்கு வேறு வேலை கொடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்றைத் தட்டும்படி வைத்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே விண்டோ. எனக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு இரண்டு கை. சாயங்காலம் அவள் கட்டைவிரலை நீவிக்கொண்டிருந்தாள்.

"இழுக்குதுண்ணே. இருக்கற கையும் போயிட்டா என்னா பண்றது?"

மறுநாள் என் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அவள் இடது கை கீபோர்டின் இடது பக்கம் போவதே இல்லை. எப்போதும் வலது ஓரத்து எண்களின் மேல்தான் இருந்தது. அந்த எண்களுக்கு மேலே வகுத்தல், பெருக்கல், கழித்தல் விசைகள் சும்மா கிடந்தன. விசைக்கு ஒரு விண்டோ என்று வைத்தேன். கூட எதையும் பிடிக்க வேண்டாம்.

அரை மணி நேரம் ஆகவில்லை.

"அண்ணே, தேதி போட்டா வேற எங்கியோ ஓடுது."

தேதிக்கு நடுவே போடும் சாய்கோடும் வகுத்தல் விசையும் ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை விட்டுவிட்டுக் கூட்டலை எடுத்துக்கொண்டேன். பிறகு அவளே ஒன்று கேட்டாள்.

"லோரிய பார்த்துட்டு முன்ன இருந்த எடத்துக்கே வரணும். அதே கீய இன்னொரு தட்டு தட்டுனா வருமா?"

நான் யோசிக்காதது. அதைச் சரியாக எழுதி முடிக்க இரண்டு சாயங்காலம் பிடித்தது. முதுகு விட்டுப்போனது.

ஒரு மாதத்தில் தப்பு நின்றது. மூன்று மணிக்கெல்லாம் அவள் மேஜையில் பதிய வேண்டிய சீட்டுகள் தீர்ந்துவிடும். ஒரு நாள் அவள் உட்கார்ந்து தேநீர் குடிப்பது துரை கண்ணில் பட்டது.

"சீக்கிரமே முடிச்சிடுறீங்க, நல்லது," என்றவர், உரம், பூச்சிமருந்துப் பதிவையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். அது நாலாவது விண்டோ.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இன்னொரு கீ இருக்கா?"

வேலையைக் குறைக்கத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப் போகிறது?

"இருக்கும்மா, எந்திரி," என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.