வேலையை விடுகிற வேலை

கள்ளுக்கடை அய்யாவு என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். கள்ளுக்கடையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் அப்படித்தான் சொன்னார்கள். அவருடைய கஷ்டம் முழுவதும் அந்தப் பெயரில்தான் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். ஆகவே இது ஊர் வம்பு இல்லை. பாதி நான் பார்த்தது, பாதி அவர் வாயாலேயே கேட்டது.

கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கள்ளுக்கடை அவர் பொறுப்பில் இருந்தது. வேலை முடிந்து வருகிறவர்களுக்குக் கள்ளை அளந்து மங்குக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், காசை வாங்க வேண்டும், சண்டை வந்தால் விலக்கிவிட வேண்டும். தோட்டம் கொடுத்த வீடு, மாதம் பிறந்தால் சம்பளம். மரியாதையான வேலை என்று சொல்ல முடியாது. நிலையான வேலை. முப்பதுகளின் பஞ்சத்தில் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியபோதுகூட அய்யாவுவை யாரும் அசைக்கவில்லை. எந்தப் பஞ்சத்திலும் குடிக்கிறவன் குடிப்பான்.

பஞ்சம் தெளிந்த பிறகு, கோலாலம்பூரிலிருந்து ஒரு மதுவிலக்குச் சங்கத்தார் அந்தத் தோட்டத்துக்கு வந்து கூட்டம் போட்டார்கள். தலைவர் வேலாயுதம் ஜவுளிக்கடை முதலாளி. செயலாளர் ரபேல் ஒரு பெரிய ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ரபேல் பேசி நான் பலமுறை கேட்டிருக்கிறேன், கல்லும் கரையும். குடித்துச் செத்தவனின் பெண்டாட்டியைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தால், ஒரு சொட்டுக்கூடத் தொடாதவனும் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொள்வான். அன்றைக்கு அய்யாவு தலையைக் குனியவில்லை, எழுந்தார். மேடைக்குப் போய், இடுப்பில் இருந்த கடைச் சாவியை எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் தட்டில் வைத்து, "இனிமே இந்தக் கையால கள்ளு ஊத்த மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டார்.

தோட்டமே எழுந்து நின்று கைதட்டியது. வேலாயுதம் தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். "சங்கம் உங்களைக் கைவிடாது அய்யாவு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அய்யாவுவுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. அதுவரை அவருக்கு யாரும் கைதட்டியதும் இல்லை, மாலை போட்டதும் இல்லை.

மாலை வாடுவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டவனுக்குத் தோட்டத்து வீடு எதற்கு? அவர் மனைவி வீரம்மா அண்டா குண்டானை லோரியில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் சந்துக்கு வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே எந்தெந்த வீட்டில் மாவாட்ட ஆள் வேண்டும் என்று என்னிடம் விசாரித்தாள். அவளுக்கு உலகம் தெரியும்.

அய்யாவு நேராக வேலாயுதத்தின் ஜவுளிக்கடைக்குப் போனார். மேடையில் "நீங்க" என்றவர் கடையில் "நீ" என்றார்.

"வேலை இல்லாம இல்ல அய்யாவு. ஆனா கடையில காசு நடமாடுற எடம். நீ கள்ளுக்கடையில இருந்தவன். தண்ணி கலக்கிறதும் நுரையைக் காட்டி அளவைக் கொறைக்கிறதும் ஊருக்கே தெரிஞ்ச கதை. நான் நம்புவேன். சனங்க நம்பணுமே லா."

"முதலாளி, அதைத்தானே விட்டுட்டு வந்தேன்."

"விட்டது பெரிய காரியம். அதை யாரு இல்லங்கிறா?"

இதே பதில்தான் எல்லா இடத்திலும். கோயிலில் பாத்திரம் கழுவக்கூட அந்தக் கை ஆகாது என்றார்கள். தண்டவாள வேலைக்கு ஆள் எடுத்த மேஸ்திரி, மண்டோர் என்பார்கள், அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மங்கு புடிச்ச கை, மண்வெட்டி புடிக்காது" என்று அனுப்பிவிட்டான். செந்தூலில் மாடு வைத்திருந்த பால்காரரிடம் கறக்கிற வேலைக்குப் போனார். "ஒன்ன வெச்சா பாலுல தண்ணி கலக்குறேன்னு சொல்லுவாங்க" என்றார் அந்த மகராசன். அந்தப் பாலைத்தான் நாங்களும் வாங்கினோம். அதில் தண்ணீர் கலக்க அவருக்கு இன்னொரு ஆள் உண்மையிலேயே தேவைப்படவில்லை.

எனக்குக் கோபம் எதில் என்றால், அய்யாவு குடிகாரனாகவே இருந்து திருந்தியிருந்தால் வேலை கொடுத்திருப்பார்கள். குடித்தவனை மன்னிக்கிறார்கள். ஊற்றிக் கொடுத்தவனை மன்னிக்க மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. வீரம்மா மாவாட்டிக் கொண்டுவந்ததில் எல்லோரும் சாப்பிட்டார்கள். அய்யாவு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார், அவள் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்தச் சமயத்தில்தான் ரபேல் தேடிக்கொண்டு வந்தார். செராஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் கூட்டம், அய்யாவு வந்து தன் கதையைச் சொல்ல வேண்டும், சாப்பாடும் வழிச்செலவும் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றார். அய்யாவு போனார். அழுதார். கைதட்டினார்கள். கையில் கொஞ்சம் காசோடு வந்தார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சட்டை கிழிந்ததாக இருக்க வேண்டும் என்று ரபேல் சொல்லிவைத்தார். நேற்றுத்தான் வேலையை விட்டது மாதிரிப் பேசினால் சனங்கள் உருகுவார்கள் என்றார். வேலாயுதம் தன் ஜவுளிக்கடையின் பின்கட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் அய்யாவு அதை இடுப்பிலிருந்து எடுத்து, கள்ளுக்கடைச் சாவி என்று சொல்லி, கற்பூரத்துக்கு முன்னால் வைப்பார். கூட்டம் முடிந்ததும் முதலாளி மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். வேலையை விட்ட பிறகு வேறு வேலை கிடைக்காமல் அலைந்த நாட்களைப் பற்றி மட்டும் மேடையில் பேசக் கூடாது.

"வேலையை விடுறதையே ஒரு வேலையா வெச்சிக்கிட்டீங்க" என்று வீரம்மா ஒருநாள் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. அவரும் கோபப்படவில்லை. "வேற எவன் குடுக்கிறான்?" என்றார்.

கடைசிக் கூட்டம் ரவாங் பக்கத்துத் தோட்டத்தில். அய்யாவு வழக்கம்போலச் சாவியை வைத்தார், அழுதார். கைதட்டல் ஓயும் முன்னே கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். ரெங்கசாமி, அந்தத் தோட்டத்துக் கள்ளுக்கடை ஆள். முப்பது வயசு இருக்கும். ஒரு கைக்குழந்தை தோளில், இன்னொன்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு. அவன் தட்டில் வைத்தது நிஜச் சாவி. ஜவுளிக்கடைச் சாவிக்குப் பக்கத்தில் அது கிடந்தது. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் குழந்தை வீரிட்டது.

"மாலையை நீயே போடு அய்யாவு" என்றார் வேலாயுதம். அய்யாவு மாலையோடு கிட்டப் போனபோது ரெங்கசாமி மெல்லக் கேட்டான்.

"அண்ணே, வேலைக்கு இவங்க ஏற்பாடு பண்ணிடுவாங்கதானே? ஒங்களுக்குப் பண்ணினாங்கதானே?"

ரபேல் பக்கத்திலேயே நின்றிருந்தார். அய்யாவு "ம்" என்றார். மாலையைப் போட்டார்.

புறப்படும்போது ரபேல் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்கு ரெங்கசாமியக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம். புது ஆளு. சின்னப் புள்ளைங்க வேற. நீ அலைஞ்சது போதும், கொஞ்சம் ஓய்வெடு."

அய்யாவு அவர்களோடு வண்டி ஏறவில்லை. அங்கேயே தெரிந்த ஒருவர் வீட்டில் படுத்துக்கொண்டார். தூக்கம் வரவில்லை, ஆனால் புத்தி வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். இந்தத் தோட்டத்தில் ஒரு கள்ளுக்கடை இருக்கிறது, அதில் இப்போது ஆள் இல்லை. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. காலையில் மரத்திலிருந்து கள் இறக்கிக் கொண்டுவரும் நேரத்தில் தோட்டத்துப் பெரிய கிராணி கடைக்கு வருவார், காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும் என்று விடிந்ததும் நடந்தார்.

கடை திறந்திருந்தது. உள்ளே ரெங்கசாமி கள்ளை வடிகட்டிக்கொண்டிருந்தான். அய்யாவுவைப் பார்த்ததும் கூசிப்போனான்.

"என்னைக் கூட்டத்துக்கு அழைச்சிட்டுப் போகத்தான் வந்தீங்களா? கோவிச்சிக்காதீங்கண்ணே. என் பொஞ்சாதி நேத்தே கிராணி வீட்டு வாசல்ல போயி விழுந்துட்டா. அவரும் ஏசிட்டு, வேற சாவி குடுத்துட்டாரு." வடிகட்டுகிற துணியை முறுக்கிப் பிழிந்தான். "ஏண்ணே, நீங்களும் மறுநாளே திரும்பிப் போயிருக்கலாமே. ஏன் போகல?"

"எனக்கு ரொம்ப நேரம் கைதட்டினாங்க தம்பி" என்றார் அய்யாவு.

ரெங்கசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். பெரிய கிராணியின் சைக்கிள் வருவது தெரிந்தது. அய்யாவு தான் எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் ரவாங் ஸ்டேஷனுக்கு நடந்தார்.